குழந்தை மனசுல சொல் எப்படி வேலை செய்யுதுன்னு வீட்டுலயே டெஸ்ட் பண்றது எப்படி

பேப்பர்ல கோணலா ஒரு பெட்டி, அதுக்குள்ள ஒரு பந்து வரைஞ்சு, "இந்தப் பெட்டிக்கு பேரு கிபம், பந்து எங்க இருக்கு?"னு குழந்தைகிட்ட கேளுங்க, பதிலை மட்டும் நீங்களே எடுத்துக் கொடுத்துடாதீங்க. "கிபத்துல"னு வந்தா, அந்த வார்த்தைய அது எங்கயுமே கேட்டதில்ல, அப்போ மனப்பாடம் கிடையாது, "மரம், மரத்துல" மாதிரி மாத்துற ரூல் உள்ள ஓடுது. 1958-ல மொழி ஆய்வாளர் ஜீன் பெர்கோ அமெரிக்கக் குழந்தைங்ககிட்ட 'வக்'னு இல்லாத ஒரு பிராணியக் காட்டி பன்மை கேட்டதும் இதே ஐடியாதான். "கிபம்ல"ன்னா திருத்தாதீங்க, கொஞ்ச மாசம் கழிச்சு கேளுங்க. அடுத்து "கிப்பாடு"னு வேற பேரு வச்சுக் கேட்டு, "கிப்பாட்டுல" வருதா பாருங்க (ரோடையே ரோட்டுலனு ஆக்கினவங்கதானே நாம). "வீட்டுல" மாதிரி தினமும் பேசுற சொல் இதுக்கு ஆகாது, அது முழுசாவே ஸ்டோர் ஆகியிருக்கலாம்.