வாலைப் பாருங்கள்: ஆங்கில வினை பெயராகும்போது உச்சரிப்பைப் பிடிப்பது எப்படி

ஆங்கில வினைச்சொல்லைச் சரியாக உச்சரிப்பவர்கள்கூட அதே சொல் பெயர்ச்சொல்லாக வரும்போது தடுமாறுவதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான்: வினையை அப்படியே வைத்துக்கொண்டு பின்னால் விகுதியை ஒட்டிவிடுகிறோம். இன்ஃபார்ம் தெரியும், அதனால் இன்ஃபார்மேஷன். ப்ரொனவுன்ஸ் தெரியும், அதனால் ப்ரொனவுன்சியேஷன். இரண்டுமே தவறு. முன்னால் நிற்கும் சொல்லை எப்படிச் சொல்ல வேண்டும் என்பதைப் பல நேரம் பின்னால் வரும் விகுதிதான் தீர்மானிக்கிறது, அதனால் முதலில் சொல்லின் வாலைப் பாருங்கள், அப்புறம் வாயைத் திறங்கள். தமிழிலும் கெடு என்பது கேடு ஆகிறது, படு என்பது பாடு ஆகிறது, ஆடு என்பது ஆட்டம் ஆகிறது, இதையெல்லாம் நாம் யோசிக்காமலே செய்கிறோம்.

தொல்லை தராத விகுதிகளை முதலில் முடித்துவிடலாம். மென்ட், அல், எர், இங். இவை வந்தால் வினை பொதுவாக அசையாது: டிவெலப், டிவெலப்மென்ட் இரண்டிலும் அழுத்தம் 'வெ' மேல்தான், ரிஃப்யூஸ், ரிஃப்யூசல் இரண்டிலும் 'ஃப்யூ' மேல்தான். கடைசி 'மென்ட்' மேல் ஏறி உட்காராதீர்கள், அது மெலிதாக 'மன்ட்' என்று வந்தால் போதும். விதிவிலக்கு அட்வர்டைஸ். பிரிட்டிஷ்காரர்கள் அதை 'அட்வர்ட்டிஸ்மன்ட்' என்று 'வர்' மேல் அழுத்திச் சொல்கிறார்கள், அமெரிக்கர்கள் 'டைஸ்' என்பதை விடாமல் அதன்மேலேயே அழுத்துகிறார்கள். இரண்டும் சரி.

உண்மையான வேலை 'ஷன்' விகுதியில்தான் இருக்கிறது. கிட்டத்தட்ட எப்போதும் பலிக்கும் விதி இது: அழுத்தம் ஷனுக்கு நேர் முந்தைய அசையில் விழும். எஜுகேட் என்பதில் முதல் 'எ' மேல் இருந்த அழுத்தம் எஜுகேஷனில் 'கே' மேல் போய்விடுகிறது. இன்ஃபர்மேஷனில் 'மே'. தமிழில் எல்லா அசைகளையும் ஏறத்தாழ ஒரே எடையில் சொல்லிப் பழகியிருப்பதால் நாம் 'மே' என்பதை உயர்த்தினாலும் 'ஃபார்' என்பதையும் விடுவதில்லை. ஆங்கிலக் காது அழுத்தமான அசையை வைத்துத்தான் சொல்லை அடையாளம் காண்கிறது, எனவே 'மே' என்பதை நீட்டி உயர்த்துங்கள், 'ஃபார்' என்பதை 'ஃப' என்று பாதி விழுங்குங்கள். விழுங்குவதும் உச்சரிப்பில் சேர்த்திதான்.

அடுத்து மெய்யெழுத்து. ஆக்ட் ஏன் ஆக்ஷன் ஆகிறது, டிஸ்கஸ் ஏன் டிஸ்கஷன் ஆகிறது? இந்த விகுதி ஒரு காலத்தில் 'ஸியோன்' போல ஒலித்தது. ஸகரமும் யகரமும் வேகமாகச் சேர்ந்தால் நாக்கு ஷகரத்துக்குத்தான் போகும். அடித்து என்பது பேச்சில் அடிச்சு என்றும், வைத்து என்பது வச்சு என்றும் ஆவதும் இதற்கு உறவுதான், அங்கேயும் பக்கத்தில் இருக்கும் இகரமோ ஐகாரமோ மெய்யைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது. சரி, டிசைட், கன்ஃப்யூஸ் போன்றவை பெயராகும்போது வருவது மட்டும் இந்த ஷ இல்லை. தொண்டையில் விரலை வைத்துக்கொண்டு 'ஷ்ஷ்' என்று சொல்லிப் பாருங்கள், அதிர்வு இருக்காது. நாக்கை அதே இடத்தில் வைத்துக் குரலையும் சேர்த்துச் சொன்னால் விரலில் அதிர்வு தெரியும். டிசிஷன், கன்ஃப்யூஷன், டிவிஷன், கொலிஷன் எல்லாவற்றிலும் வருவது இந்த அதிரும் ஒலி. தமிழ் எழுத்தில் இரண்டையும் ஒரே மாதிரி எழுதுவதால் இதை விரலால்தான் பிடிக்க வேண்டும். டகரத்துக்கு முன்னால் னகர ஒலி இருந்தால் அதிர்வு போய்விடும், எக்ஸ்டெண்ட் எக்ஸ்டென்ஷன் ஆகும். சஜஸ்ட், டைஜஸ்ட் இரண்டும் தனி: அங்கே கடைசியில் வருவது ஷன் இல்லை, 'ச்சன்'.

உயிரெழுத்து மாறுவதுதான் எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதி. டிசைட், டிவைட் என்பவற்றில் இருக்கும் ஐ, பெயரில் இ ஆகிறது. ரிசீவ் ரிசெப்ஷன் ஆகும்போது ஈ போய் எ வருகிறது, ப்ளீஸ் ப்ளெஷர் ஆகும்போதும் அப்படியே. ஐயும் இயும் எப்படி ஜோடி? ஏறத்தாழ 1400 முதல் 1700 வரையிலான காலத்தில் ஆங்கிலத்தின் நெடில்கள் எல்லாம் இடம் மாறின, குறில்கள் பெரும்பாலும் அப்படியே நின்றன. அதற்கு முன்பு டிவைட் என்பதில் இருந்தது ஈ. அப்போது ஈ, இ என்று நம் நெடுங்கணக்கில் இருப்பது போன்ற ஜோடிதான், பிறகு நெடில் மட்டும் ஐ என்று விலகிப் போய்விட்டது. ஆகவே 'வினையில் நெடில், பெயரில் குறில்' என்று வைத்துக்கொண்டால் இந்த வகைச் சொற்களில் நிறைய தானாக விழும்: டிஸ்க்ரைப், டிஸ்க்ரிப்ஷன், ப்ரொட்யூஸ், ப்ரொடக்ஷன், ப்ரொனவுன்ஸ், ப்ரொனன்சியேஷன். கடைசிச் சொல்லில் எழுத்துக்கூட்டலிலேயே நடுவில் இருந்த 'ஓ' காணாமல் போவதைக் கவனியுங்கள்.

ஊமை எழுத்துகளும் இங்கே பேச ஆரம்பிக்கும். ரிசைன் என்பதில் 'ஜி' ஒலிப்பதில்லை, ரெசிக்னேஷனில் ஒலிக்கிறது. கண்டெம் என்பதன் கடைசி 'என்' ஊமை, கண்டெம்னேஷனில் அதற்குக் குரல் வந்துவிடுகிறது. பின்னால் ஒரு உயிரெழுத்து வந்ததும் பக்கத்தில் நின்ற இரண்டு மெய்களும் ஆளுக்கு ஒரு அசையாகப் பிரிந்து உட்கார இடம் கிடைக்கிறது, அவ்வளவுதான்.

'அன்ஸ்', 'என்ஸ்' விகுதிகள் ஆளுக்கு ஒரு மாதிரி. ரிஃபர், ப்ரிஃபர் இரண்டும் ரெஃபரன்ஸ், ப்ரெஃபரன்ஸ் ஆகும்போது அழுத்தம் முதல் அசைக்கு ஓடிவிடும். மெயின்டெய்ன் கூட அப்படித்தான், 'மெயின்டெயினன்ஸ்' என்று சொல்லாதீர்கள், 'மெயின்டனன்ஸ்', அழுத்தம் 'மெயின்' மேல். ஆனால் நிகழ்வதைக் குறிக்கும் அக்கர் அப்படி இல்லை, அக்கரன்ஸ் ஆனபிறகும் அழுத்தம் இரண்டாம் அசையிலேயே நிற்கும். இவற்றை ஒவ்வொன்றாகத்தான் கற்க வேண்டும்.

பழகுவதற்கு வினையையும் பெயரையும் ஒரே வரியில் எழுதுங்கள். அகராதியில் பார்த்து, ஒலிக்குறிப்பில் எந்த அசைக்கு முன்னால் மேலே சின்னச் செங்குத்துக் கோடு இருக்கிறதோ அந்த அசையின் கீழ் அடிக்கோடு போடுங்கள். பிறகு சத்தமாக இரண்டையும் சேர்த்துச் சொல்லி, அடிக்கோடு வரும்போது மேசையில் ஒரு தட்டு. ரிவீல், ரெவலேஷன் என்பதில் தொடங்கலாம்: முதல் தட்டு 'வீ' மேல், இரண்டாவது 'லே' மேல்.