திருகோணமலையிலிருந்து சென்னை: தூரத்தையும் பறக்கும் நேரத்தையும் நீங்களே கணக்கிடும் முறை

திருகோணமலையிலிருந்து குடாவின் மறுகரையிலுள்ள மூதூருக்குப் படகில் குறுக்கறுத்துப் போகும் தூரம் வேறு, கிண்ணியாப் பாலத்தால் சுற்றிப் போகும் தூரம் வேறு. விமானத் தூரம் முதல் வகை. அதைக் கண்டுபிடிக்க ஒரு போனும் கல்குலேட்டரும் போதும்.

1. ஆள்கூறுகளை எடுங்கள்

கூகுள் மேப்பில் ஊரின் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் இரண்டு எண்கள் வரும். முதலாவது அகலாங்கு, மற்றது நெட்டாங்கு. திருகோணமலை 8.57, 81.23. சென்னை விமான நிலையம் 12.99, 80.17.

அதிகம் பேர் பிழைவிடும் இடம் இது. புவியியல் புத்தகத்தில் திருகோணமலை 8° 34′ (8 பாகை 34 கலை) என்றிருக்கும். அதை 8.34 என்று எழுதிவிடாதீர்கள். ஒரு பாகைக்கு 60 கலை. 34-ஐ 60ஆல் வகுத்தால் 0.57. ஆகவே 8.57. 8.34 என்று போட்டால் நகரம் 25 கி.மீ. தெற்கே நகர்ந்துவிடும்.

2. தூரம்

அகலாங்கு வித்தியாசம் 4.42. ஒரு பாகை 111 கி.மீ., எனவே 491 கி.மீ. நெட்டாங்கு வித்தியாசம் 1.06. நெட்டாங்குக் கோடுகள் துருவத்தை நோக்கி நெருங்கிக்கொண்டே போவதால், 111ஆல் பெருக்கியபின் நடு அகலாங்கின், அதாவது இரண்டு அகலாங்குகளின் சராசரியின், கோசைனாலும் (கல்குலேட்டரில் cos; இங்கே 0.98) பெருக்க வேண்டும்: 115 கி.மீ. இரண்டையும் வர்க்கித்துக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் ஏறக்குறைய 504 கி.மீ.

லண்டன் மாதிரித் தொலைதூரத்துக்கு இந்த முறை பிசகும். பூமி உருண்டை, அதற்கு மேப்பில் உள்ள தூரம் அளக்கும் வசதியையே பயன்படுத்துங்கள்.

3. உண்மையில் எங்கே ஏறுகிறீர்கள்?

இந்த 504 கி.மீ. வெறும் நேர்கோடு. சென்னைக்குப் போக கட்டுநாயக்கவுக்கோ (கொழும்பு விமான நிலையம்) பலாலிக்கோ (யாழ்ப்பாண விமான நிலையம்) போயாக வேண்டும். அதே கணக்கைப் போட்டால் கட்டுநாயக்க–சென்னை சுமார் 646 கி.மீ., பலாலி–சென்னை சுமார் 355 கி.மீ.

4. பறக்கும் நேரம்

ஜெட் விமானத்துக்கு மணிக்கு 800 கி.மீ. என்று வையுங்கள். 646-ஐ 800ஆல் வகுத்தால் 0.81 மணித்தியாலம், அதாவது 48 நிமிடம். ஓடுபாதைக்கு ஊர்ந்துபோவது, ஏறுவது, இறங்குவது எல்லாவற்றுக்கும் 30 நிமிடம் கூட்டுங்கள்: 1 மணி 18 நிமிடம்.

பலாலியில் தூரம் ஏறக்குறையப் பாதி. ஆனாலும் நேரம் பாதியாகாது. அங்கிருந்து பறப்பவை விசிறி வைத்த ஏடிஆர் விமானங்கள். வேகம் மணிக்கு 500 கி.மீ. அளவுதான். 43 நிமிடமும் 30 நிமிடமும் சேர்ந்தால் 1 மணி 13 நிமிடம். ஐந்து நிமிட வித்தியாசத்துக்காக விமான நிலையத்தை மாற்ற வேண்டியதில்லை; டிக்கெட் விலையையும், எந்தப் பாதை உங்களுக்கு வசதி என்பதையும் பாருங்கள்.

5. வீட்டு வாசலிலிருந்து

கட்டுநாயக்கவுக்கு ஹபரணை, தம்புள்ளை, குருநாகல் வழியாக சுமார் 250 கி.மீ. ஐந்து ஆறு மணித்தியாலம் வையுங்கள். சர்வதேசப் பயணத்துக்கு மூன்று மணித்தியாலம் முன்னதாக நிற்க வேண்டும். ஒன்றேகால் மணிப் பறப்புக்குப் பத்து மணித்தியாலம் போய்விடும்.

6. கடிகாரம்

இலங்கைக்கும் இந்தியாவுக்கும் ஒரே நேரம், அதனால் சென்னைக்குக் குழப்பமில்லை. லண்டன் அப்படியல்ல. டிக்கெட்டில் இருப்பவை அந்தந்த ஊர் நேரங்கள். பகல் 1 மணிக்குப் புறப்பட்டு அங்கே மாலை 7 மணிக்கு இறங்கினால் ஆறு மணித்தியாலப் பயணம் என்று நினைக்கக் கூடாது. குளிர்காலத்தில் ஐந்தரை, கோடையில் நாலரை மணித்தியாலம் கூட்டுங்கள். மேற்கே போகையில் எதிர்காற்று இழுப்பதால், திரும்பி வரும் பயணம் பெரும்பாலும் கொஞ்சம் குறுகும்.