நியூ ஜெர்ஸில வீடு தேடறீங்களா, கஞ்சா யூஸ் பண்றவங்களா இருந்தா சைன் பண்றதுக்கு முன்னாடி இதப் படிங்க

நியூ ஜெர்ஸில இப்ப எல்லாம் லீகல், 21 வயசு ஆயிருந்தா போதும், எந்த ஊர்ல வேணா வீடு எடுத்துக்கலாம்னு நெனச்சு மூவ் ஆகி வர்றவங்கள நெறைய பாக்கறேன். நானும் ஒரு காலத்துல அப்படித்தான் இருந்தேன். 2020 நவம்பர்ல ஓட்டு போட்டு சுமார் 67 சதவீதம் பேர் சரின்னு சொன்னாங்க, 2021 பிப்ரவரி 22 அன்னைக்கு அப்ப கவர்னரா இருந்த ஃபில் மர்ஃபி கையெழுத்து போட்டாரு, 2022 ஏப்ரல் 21-ல கடைங்க தொறந்துச்சு. சரி, இனிமே கவலையே இல்லன்னு நெனச்சேன். அதுக்கப்புறம் ஒரு அபார்ட்மென்ட் காலி பண்ணும்போது டெபாசிட்ல பெரிய தொகைய ஸ்மெல் போகறதுக்கு கார்பெட் மாத்தினோம், பெயின்ட் அடிச்சோம்னு சொல்லி புடிச்சுக்கிட்டாங்க, லீஸ எடுத்துப் பாத்தா நான் கையெழுத்து போட்ட பேப்பர்லயே தெளிவா எழுதியிருந்துச்சு. அன்னைக்கு தான் புரிஞ்சுது, ஸ்டேட் சட்டம் கடை வாசல் வரைக்கும் வரும், வீட்டுக்குள்ள வேற கணக்கு.

முதல்ல விசா. இத கடைசில சொல்றவங்க தான் ஜாஸ்தி, நம்ம ஆளுங்களுக்கு இது தான் முதல் கேள்வியா இருக்கணும். எச்-1பி, எச்-4, எஃப்-1, ஏன் கிரீன் கார்டே வச்சிருந்தாலும் நீங்க சிட்டிசன் ஆகற வரைக்கும் உங்கள பாக்கறது ஃபெடரல் சட்டம், அதுல கஞ்சா இன்னும் தடை செஞ்ச பொருள் தான், ஸ்டேட் தலைநகர் ட்ரென்டன்ல என்ன பாஸ் பண்ணாங்கன்னு இமிக்ரேஷன் ஆபீசருக்கு அவசியமே இல்ல. அரெஸ்ட் ஆகணும், கேஸ் இருக்கணும்னு கூட இல்ல, ஏர்போர்ட்லயோ இன்டர்வியூலயோ நீங்களா வாய் விட்டு ஆமா யூஸ் பண்ணேன்னு ஒத்துக்கிட்டாலே அது உங்களுக்கு எதிரா நிக்கலாம். சிட்டிசன்ஷிப்புக்கு முன்னாடி இருக்கற அஞ்சு வருஷத்துல, சிட்டிசன கல்யாணம் பண்ணியிருந்தா மூணு வருஷத்துல, நன்னடத்தை இருந்துச்சான்னு பாப்பாங்க, ஸ்டேட்ல லீகலா இருந்தாலும் கஞ்சா அதுல அடி வாங்க வைக்கும்னு 2019 ஏப்ரல்ல இமிக்ரேஷன் அப்ளிகேஷனெல்லாம் பாக்கற ஃபெடரல் ஆபீஸ், யுஎஸ்சிஐஎஸ், எழுத்துலயே சொல்லியிருக்கு. கிரீன் கார்டு மெடிக்கல்ல டாக்டரும் இதப் பத்தி கேப்பாரு. மெடிக்கல் மரிஹுவானா கார்டு எடுத்துட்டா தப்பிச்சுக்கலாம்னு ஒருத்தர் ரெண்டு பேர் சொல்லி கேட்டிருக்கேன், தயவு செஞ்சு நம்பாதீங்க, அது நீங்களே கையெழுத்து போட்டு குடுக்கற ஒரு ரெக்கார்டு தான். அதனால சிட்டிசன் இல்லாதவங்களுக்கு நான் சொல்றது ஒண்ணே ஒண்ணு, எந்த டவுன் நல்ல டவுன்னு தேடாதீங்க, சிட்டிசன் ஆகற வரைக்கும் தொடாதீங்க. பொண்டாட்டி புள்ளைங்களோட இங்க செட்டில் ஆகி பத்து வருஷம் கிரீன் கார்டு க்யூல நிக்கற ஒருத்தர் இதுக்காக எல்லாத்தையும் இழக்கறத நெனச்சாலே எனக்கு வயிறு கலங்குது. ஏற்கனவே யூஸ் பண்ணியிருந்தீங்கன்னா எந்த ஃபார்ம் நிரப்பறதுக்கு முன்னாடியும், ஊருக்கு ட்ரிப் போறதுக்கு முன்னாடியும் இமிக்ரேஷன் வக்கீல்கிட்ட ஒரு மணி நேரம் உக்காந்து பேசுங்க.

இனி மீதி எல்லாம் சிட்டிசன்களுக்கு.

வீடு தேடும்போது ஜனங்க மேப்ப எடுத்து டிஸ்பென்சரி, அதாவது கஞ்சா கடை, எங்க இருக்குன்னு பாக்கறாங்க. அது தலைகீழ் வேலை. கடைக்கு மாசத்துக்கு ரெண்டு வாட்டி போவீங்க, வீட்ல தினமும் இருப்பீங்க. மொதல்ல பாக்க வேண்டியது லீஸ். நியூ ஜெர்ஸி சட்டப்படி அபார்ட்மென்ட் ஓனர் உள்ள புகைக்கறதையும் வேப் பண்றதையும் தடை பண்ணலாம், காண்டோன்னா அசோசியேஷன் ரூல் போட்டு தடுக்கலாம். பெரிய கம்பெனிங்க நடத்தற அபார்ட்மென்ட் நெறைய இடத்துல ஸ்மோக் ஃப்ரீன்னு போட்டுடறாங்க, பால்கனி, பேட்டியோ, பில்டிங்லருந்து இத்தனை அடின்னு எல்லாம் சேத்து. சரி வெளியில போய் புடிச்சுக்கறேன்னா பார்க்ல முடியாது, பீச்ல முடியாது, கார்ல உக்காந்தும் முடியாது, கன்சம்ப்ஷன் லவுஞ்ச்னு, உக்காந்து யூஸ் பண்றதுக்குன்னே ஒரு எடம், சட்டத்துல அனுமதி இருக்கு ஆனா அதுக்கு அந்த ஊரும் ஒத்துக்கணும், அதனால ரொம்ப கொஞ்சம் தான். ஆக, கையில ஆறு அவுன்ஸ் வரைக்கும் வச்சிருக்கலாம்னு சட்டம் சொல்லுது, வாடகைக்கு இருக்கற ஒருத்தருக்கு அதப் பத்த வைக்க சட்டப்படி ஒரு இடம் கெடைக்கறது கஷ்டம். நீங்க புடிக்கறவங்களா, இல்ல எடிபிள், அதாவது மிட்டாய் மாதிரி சாப்பிடற வகை, மட்டும் எடுக்கறவங்களாங்கறது தான் எந்த வீடுங்கறத முடிவு பண்ணும். எடிபிள்னா புகையும் இல்ல வாசனையும் இல்ல, ஏறக்குறைய எந்த அபார்ட்மென்ட்லயும் நிம்மதியா இருக்கலாம். புடிச்சே ஆகணும்னா தனி வீடு பாருங்க, அதுவும் ஓனர்கிட்ட பேசி எழுத்துல வாங்கிக்கிட்டு.

லீஸ்ல ரெண்டு எடம் படிங்க. ஒண்ணு ஸ்மோக்கிங் கிளாஸ், அதுல டொபாக்கோன்னு மட்டும் இருக்கா, இல்ல எந்தப் பொருளோட புகையா இருந்தாலும்னு இருக்கா. ரெண்டாவது, பின்னாடி சேத்து வச்சிருப்பாங்க, க்ரைம் ஃப்ரீ இல்ல ட்ரக்ஸ் ஃப்ரீ (போதைப்பொருள் கூடாதுங்கற) அடெண்டம்னு ஒரு பக்கம். அதுல ஃபெடரல் சட்டப்படி தடை செஞ்ச பொருள்னு எழுதியிருந்தா கஞ்சாவும் அதுல அடங்கும், எடிபிள் கூட. கவர்ன்மென்ட் உதவி வாங்கற வீடு, செக்ஷன் 8 மாதிரி, அதுல இருந்தீங்கன்னா ஃபெடரல் ரூல் தான், ஸ்டேட் சட்டம் காப்பாத்தாது. டெபாசிட் விஷயத்துல உங்க பக்கமும் சட்டம் இருக்கு, ஒன்றரை மாச வாடகைக்கு மேல வாங்கக் கூடாது, காலி பண்ணி 30 நாளுக்குள்ள கணக்கோட திருப்பிக் குடுக்கணும். அதனால உள்ள போற அன்னைக்கே கார்பெட், க்ளோசெட், பாத்ரூம் ஃபேன் எல்லாத்தையும் வீடியோ எடுத்து வைங்க, முன்னாடி இருந்தவங்க வுட்டுட்டுப் போன வாசனை இருந்தா அன்னைக்கே மெயில் போட்டுடுங்க. நான் எடுக்கல, அதான் எனக்கு வாயத் தொறக்க வழியில்லாம போச்சு.

அடுத்து கட்டடம் எப்படின்னு. இத யாரும் சொல்றதில்ல. இங்க இருக்கற கார்டன் அபார்ட்மென்ட்ஸ் ரொம்ப பழசு, மர ஃப்ரேம், ரெண்டு மாடி, கீழ் வீட்டுக்காரர் சமைச்சா மேல நமக்கு என்ன கொழம்புன்னு தெரியும். அந்த அளவு காத்து ஏறி எறங்கற வீட்ல கஞ்சா வாசனைய மறைக்கறது நடக்காத காரியம், பக்கத்து வீட்ல ஆஸ்துமா இருக்கற கொழந்தை இருந்தா அது நியாயமும் இல்ல. கான்க்ரீட் டவர்னா கொஞ்சம் பரவாயில்ல, ஆனா காரிடார் கதவுக்கு அடியில கேப் இருக்கும், அது வழியா தான் எல்லாம் போகும். வீடு பாக்கப் போகும்போது பாத்ரூம் ஃபேன போட்டு ஒரு டிஷ்யூ பேப்பர கிட்ட புடிச்சுப் பாருங்க, இழுக்குதான்னு. ஹீட்டிங் ஏசி தனித்தனியா இல்ல எல்லா வீட்டுக்கும் ஒரே டக்ட்டான்னு கேளுங்க. ஓரத்து வீடு, மேல் மாடி ரெண்டும் சேந்து கெடைச்சா வாடகை கொஞ்சம் ஜாஸ்தின்னாலும் எடுத்துக்கலாம், ஆனா லீஸ்ல தடைன்னு இருந்தா எந்த ஓரத்து வீடும் ஒதவாது, புகார் வந்தா வந்தது தான்.

இப்ப ஊர். 2021 ஆகஸ்ட் 21-க்குள்ள ஒவ்வொரு முனிசிபாலிட்டியும் கடை வேணுமா வேணாமான்னு சொல்லணும்னு டெட்லைன் வச்சாங்க, அப்ப இருந்த 565-ல சுமார் 400 ஊர் வேணாம்னு சொல்லிடுச்சு. வேணாம்னு சொன்ன ஊர் பின்னாடி எப்ப வேணா மனச மாத்திக்கலாம், மாத்தினவங்களும் இருக்காங்க, அதனால பழைய லிஸ்ட்ட நம்பாம அந்த ஊரோட ஆர்டினன்ஸ்ஸையே, அதாவது ஊர் போட்ட சட்டத்தையே, இன்டர்நெட்ல தேடிப் படிங்க, லைசென்ஸ் இருக்கற கடை எதுன்னு ஸ்டேட் கேன்னபிஸ் கமிஷன் சைட்ல மேப்பே இருக்கு. முதல் நாளே தொறந்த ஊருங்க எலிசபெத், லாரன்ஸ், ப்ளூம்ஃபீல்ட், பேட்டர்சன், மேப்பிள்வுட், ரோஷல் பார்க், தெக்கால கேம்டன் கவுன்டில இருக்கற பெல்மார் (Bellmawr), மேக்கால பிலிப்ஸ்பர்க் இதெல்லாம். ரொம்ப பேர் தப்பா புரிஞ்சுக்கற விஷயம் என்னன்னா, ஊர் கடை வேணாம்னு சொன்னா அது கடைக்கு மட்டும் தான், அங்க குடியிருக்கறவங்க வச்சிருக்கறதயோ சொந்த வீட்ல யூஸ் பண்றதயோ அந்த ஊர் தடுக்க முடியாது, லைசென்ஸ் வாங்கின டெலிவரி உள்ள வர்றதயும் தடுக்க முடியாது. அதனால ஸ்கூல் நல்லாருக்கு, ட்ரெயின் ஸ்டேஷன் பக்கம், கோயிலுக்கு பத்து நிமிஷம்னு ஒரு ஊர் புடிச்சிருந்தா அங்க கடை இல்லங்கறதுக்காக விடாதீங்க. கடைல வாங்கினா ரெண்டு பர்சன்ட் வரைக்கும் ஊர் வரி, அதுக்கு மேல ஸ்டேட் சேல்ஸ் டாக்ஸ் 6.625 சதவீதம், மெடிக்கல் பேஷன்டுக்கு 2022 ஜூலைலருந்து சேல்ஸ் டாக்ஸ் கெடையாது. ஒரு தடவைக்கு ஒரு அவுன்ஸ் வரைக்கும் தான் விப்பாங்க. க்ரெடிட் கார்டு பெரும்பாலும் வாங்க மாட்டாங்க, கேஷோ டெபிட்டோ எடுத்துட்டுப் போங்க.

செடி வளக்கலாம்னு தோட்டம் உள்ள வீடா பாக்கறீங்கன்னா அந்த நெனப்ப விட்டுடுங்க. இங்க வீட்ல ஒரு செடி கூட வளக்கக் கூடாது, மெடிக்கல் கார்டு இருந்தாலும் கூடாது, மாட்டினா மூணாம் டிகிரி க்ரைம், அஞ்சு வருஷம் வரைக்கும் ஜெயில் போகலாம். நியூ யார்க்ல வளக்கலாம், ஆனா அங்கருந்து இங்க கொண்டு வர முடியாது.

பார்டர் விஷயத்துல தான் நான் அதிகம் கவலப்படறேன். டெலவேர் நதிக்கு அந்தப் பக்கம் பென்சில்வேனியால யார்ட்லி, நியூடவுன்னு நம்ம ஆளுங்க நெறைய வீடு வாங்கறாங்க, வேலை பிரின்ஸ்டன் பக்கம், பாலம் தாண்டினா லாரன்ஸ்ல கடை, போற வழியில வாங்கிட்டு வந்துக்கலாம்னு தோணும். பென்சில்வேனியால மெடிக்கல் மட்டும் தான், மத்தபடி 30 கிராம் வரைக்கும் வச்சிருந்தாலும் மிஸ்டிமீனர்னு ஒரு சின்ன க்ரைம் கேஸ், 30 நாள் ஜெயில், 500 டாலர் ஃபைன் வரைக்கும் போகலாம், ஸ்டேட் பார்டர் தாண்டினதால ஃபெடரல் சட்டமும் சேந்துக்கும். அதவிட மோசம், பென்சில்வேனியாவோட டியூஐ, அதாவது போதையில வண்டி ஓட்டறதுக்கான சட்டத்துல, ரத்தத்துல கஞ்சாவோட மெட்டபொலைட், அதாவது ஒடம்பு அத ஒடச்சு உண்டாக்கற மிச்சப் பொருள், இருந்தாலே போதும், நீங்க தெளிவா தான் இருந்தீங்கன்னு சொல்லி பிரயோஜனம் இல்ல. சனிக்கிழமை ராத்திரி எடுத்தது செவ்வாய்க்கிழமையும் ரத்தத்துல தெரியலாம். அதனால ரெகுலரா யூஸ் பண்றவங்க, தினமும் அந்தப் பாலத்த தாண்டி கார் ஓட்டற மாதிரி வீடோ வேலையோ எடுக்காதீங்க. ஹாமில்டன், பிளெயின்ஸ்பரோ, எடிசன்னு இந்தப் பக்கமே பாருங்க, வீட்டு வெலை கூட ஆகும் தான்.

வேலை பத்தி சுருக்கமா சொல்லிடறேன். டெஸ்ட்ல பாசிட்டிவ் வந்துச்சுங்கறதுக்காக மட்டும் நியூ ஜெர்ஸி எம்ப்ளாயர் உங்கள தூக்க முடியாது, வேலை நேரத்துல போதையில இருந்தா தூக்கலாம். ஆனா ஃபெடரல் கான்ட்ராக்ட், லாரி ஓட்டற கமர்ஷியல் லைசென்ஸ் இதுக்கெல்லாம் இந்தப் பாதுகாப்பு இல்ல. கன்சல்டிங்ல இருக்கறவங்க க்ளையன்ட் வேற ஸ்டேட்ல இருந்தா அவங்க பாலிசி என்னன்னு மொதல்லயே கேட்டுக்கோங்க.

கொழந்தைங்க இருக்கற வீடுன்னா பூட்டு போடற ஒரு அலமாரி வைக்க எடம் இருக்கான்னு பாருங்க, கிச்சன்ல இல்லாம பெரியவங்க பெட்ரூம் க்ளோசெட்ல, உயரத்துல. எடிபிள் பாக்க சாதாரண மிட்டாய் மாதிரியே இருக்கும், மூணு வயசு கொழந்தைக்கு வித்தியாசம் தெரியாது, அப்படி முழுங்கி எமர்ஜென்சிக்கு ஓடறது நெஜமா நடக்குது. ஊர்லருந்து அப்பா அம்மா ஆறு மாசம் வந்து தங்குவாங்கன்னா அவங்களுக்கும் சேத்து தான் இது, சுகர் மாத்திரை பக்கத்துல வச்சுடாதீங்க. அப்படியும் ஏதாவது ஆயிடுச்சுன்னா பாய்சன் கன்ட்ரோல் நம்பர் 1-800-222-1222, ஃப்ரிட்ஜ்ல ஒட்டி வைங்க.

எல்லாம் பாத்து ஒரு வீடு புடிச்சுப் போச்சுன்னா, லீசிங் ஆபீஸ் கூட்டிட்டுப் போற பகல் நேரத்துல மட்டும் பாத்துட்டு வராதீங்க. வெள்ளிக்கிழமை ராத்திரி ஒம்பது மணிக்கு மேல நீங்களா போய் பார்க்கிங் லாட்ல, முடிஞ்சா காரிடார்ல, பத்து நிமிஷம் நடங்க. காத்துல ஏற்கனவே வாசனை வருதா, நோ ஸ்மோக்கிங் போர்டுக்கு கீழயே ஆளுங்க நிக்கறாங்களா, இல்ல செக்யூரிட்டி சுத்தறாரா, எல்லாம் அந்த பத்து நிமிஷத்துல தெரிஞ்சுடும். மறுநாள் காலைல லீசிங் ஆபீசுக்கு மெயில்ல ஒரே ஒரு கேள்வி அனுப்புங்க, உங்க ஸ்மோக்கிங் பாலிசில எந்தெந்தப் பொருள் அடங்கும், பால்கனி அதுல சேருமான்னு. பதில் எழுத்துல வந்ததுக்கப்புறம் சைன் பண்ணுங்க.