செட்டிநாட்டு வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தால் காப்பீடு எதற்குப் பணம் தரும்?

தண்ணீர் சேதத்துக்கு இழப்பீடு கேட்டால் காப்பீட்டு நிறுவனத்தின் முதல் கேள்வி "தண்ணீர் எப்படி வந்தது?" என்பதாகத்தான் இருக்கும். காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் பக்கத்துப் பழைய வீடுகளில் இதற்குப் பதில் சொல்வது எளிதல்ல. நடுவில் திறந்த முற்றம், நாலு பக்கமும் ஓட்டுச் சரிவு; மழை வீட்டுக்குள் விழுவதற்கென்றே கட்டிய வீடுகள் இவை. ஆகவே, எது புயலால் வந்தது, எது வெள்ளத்தால் வந்தது, எது பராமரிப்புக் குறைவால் வந்தது என்று பிரித்துக் காட்ட வேண்டியது வீட்டுக்காரர் பொறுப்பு.

2021 ஏப்ரல் 1 முதல் பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் வீடுகளுக்கு விற்கும் அடிப்படைப் பாலிசி 'பாரத் கிருஹ ரக்ஷா'. எந்த நிறுவனத்தில் எடுத்தாலும் இதன் அடிப்படை விதிகள் ஒன்றே. தண்ணீர் சம்பந்தமாக இதில் அடங்குபவை: புயல், சூறாவளி, வெள்ளம், வீடு நீரில் மூழ்குதல், நிலச்சரிவு, தண்ணீர்த் தொட்டியோ குழாயோ உடைந்து அல்லது நிரம்பி வழிந்து வரும் சேதம். வெள்ளத்தைத் தொடர்ந்து 7 நாளுக்குள் திருட்டு நடந்தால் அதுவும் சேரும்.

நாள்பட்ட கசிவு சேராது. சுண்ணாம்புத் தளத்தில் விரிசல் விட்டு வருடக்கணக்காக ஊறிய ஈரம், கரையான் அரித்த உத்தரம், தேய்ந்த குழாயின் சொட்டு இவையெல்லாம் தேய்மானக் கணக்கு. காற்றில் ஓடு பறந்து அதன் வழியே மழை இறங்கினால் அது புயல் சேதம். முன்பே உடைந்திருந்த ஓட்டின் வழியே அதே மழை இறங்கினால் கோரிக்கை பெரும்பாலும் நிற்காது. முற்றத்து வடிகால் அடைத்துத் தண்ணீர் பட்டாலைக்கு (முற்றத்தை ஒட்டிய உயர்ந்த திண்ணைக் கூடம்) ஏறினால் வழக்கு இழுபறிதான்; ஊருணி நிரம்பித் தெருவோடு வந்த வெள்ளமா, சருகு அடைத்ததா என்று சர்வேயர் (சேதத்தை மதிப்பிட நிறுவனம் அனுப்பும் ஆள்) பார்ப்பார். புரட்டாசியிலேயே வடிகாலைத் தூர்வாரி, ஓடு மாற்றி, தேதி தெரியும்படி படம் எடுத்து, கொத்தனாரின் ரசீதோடு வைத்துக்கொள்ளுங்கள். தகராறு வரும்போது இதைவிடப் பலமான சாட்சி கிடையாது.

கட்டடத்துக்கான காப்பீட்டுத் தொகை என்பது கார்பெட் ஏரியாவை (சுவர்களுக்கு உள்ளே பயன்படும் தரைப் பரப்பு) ஒரு சதுர மீட்டருக்கான கட்டுமானச் செலவால் பெருக்கி வருவது. மனை விலை இதில் வராது. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். சாதாரண கான்கிரீட் வீட்டின் விகிதத்தைப் போட்டுவிட்டால் பர்மா தேக்குத் தூண், சுண்ணாம்புப் பூச்சு, ஆத்தங்குடிக் கல் (கையால் செய்யும் தரை ஓடு) இவற்றைத் திரும்பச் செய்ய அந்தத் தொகை காணாது. பழைய வீட்டு வேலை தெரிந்த ஒரு பொறியாளரிடம் மதிப்பீடு வாங்கி, விண்ணப்பத்திலேயே எழுதுங்கள்.

வீட்டுச் சாமான்களுக்குக் கட்டடத் தொகையில் 20 சதவீதம் தானாகவே கிடைக்கும். உச்சவரம்பு 10 லட்சம். 30 லட்சம் வீட்டுக்கு 6 லட்சம். ஒரு கோடி வீட்டுக்கும் 10 லட்சம்தான். வெள்ளிச் சாமான், நகை, தஞ்சாவூர் ஓவியம், பழம்பொருள்கள் இதில் அடங்காது. இவற்றுக்குத் தனியாக விருப்பப் பிரிவு எடுக்க வேண்டும். இரண்டாங்கட்டு (வீட்டின் உள்பகுதி) அறையில் வெள்ளிப் பாத்திரம் நிறைய வைத்திருப்பவர்கள் இதைத் தவறவிடவே கூடாது.

வீடு பூட்டிக் கிடந்தால்? முன்பிருந்த பொதுத் தீக் காப்பீட்டில், நிறுவனத்தின் ஒப்புதல் இல்லாமல் 30 நாளுக்கு மேல் ஆளில்லாமல் இருந்தால் பாதுகாப்பு நின்றுபோகும். உங்கள் பாலிசியில் இது எப்படி இருக்கிறது என்று நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு, எழுத்திலேயே பதில் வாங்குங்கள். "படைப்புக்கும் (முன்னோர் வழிபாடு) கல்யாணத்துக்கும் மட்டும் திறப்போம்" என்பதை விண்ணப்பத்தில் மறைக்காதீர்கள். பங்காளிகள் பல புள்ளிகளாக (தனித்தனிக் குடும்பங்களாக) உரிமையுள்ள வீடென்றால் எல்லோர் பெயரும் பாலிசியில் வர வேண்டும். ஒருவர் பெயரில் மட்டும் எடுத்தால் பணம் வரும்போது உரிமைச் சிக்கல் முளைக்கும்.

தண்ணீர் புகுந்த அன்று மின்சாரத்தை நிறுத்திவிட்டு, சுவரில் நீர் ஏறிய கோட்டை அளவு நாடாவோடு படம் எடுங்கள். நிறுவனத்துக்கு உடனே சொல்லுங்கள். கோரிக்கைப் படிவத்தை இழப்பைக் கண்ட நாளிலிருந்து 30 நாளுக்குள் கொடுங்கள். தண்ணீரை வெளியேற்றலாம், சாமான்களை உலர்த்தலாம். சர்வேயர் பார்க்கும்வரை கெட்டுப்போனதை எறியக் கூடாது. கிராம நிர்வாக அலுவலரிடம் வெள்ளம் வந்ததற்குச் சான்று கேளுங்கள். இடிபாடு அகற்ற கோரிக்கைத் தொகையில் 2 சதவீதம் வரையும், பொறியாளர் கட்டணத்துக்கு 5 சதவீதம் வரையும் உண்டு; பலர் கேட்பதே இல்லை.

சுண்ணாம்புச் சுவர் மெதுவாகத்தான் காயும். உப்புப் பூத்துப் பூச்சு உதிர்வது சில வாரம் கழித்தே தெரியும். அதனால் முழுத் தீர்வுக் கையெழுத்தை (இனி பாக்கி இல்லை என்று ஒப்புக்கொள்வது) அவசரப்பட்டுப் போடாமல், பின்னால் தெரியும் சேதத்தையும் கணக்கில் சேர்க்கச் சொல்லி சர்வேயருக்கு எழுதுங்கள். கோரிக்கை மறுக்கப்பட்டால் முதலில் நிறுவனத்திடம் புகார். 30 நாளில் தீராவிட்டால் சென்னையிலுள்ள காப்பீட்டு ஆம்புட்ஸ்மன் (குறைதீர்ப்பாளர்) அலுவலகத்தை அணுகலாம், கட்டணம் இல்லை.