வெங்கிணாந்தியைச் சோடி சேர்க்குமுன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

வெங்கிணாந்தி என்ற மலைப்பாம்பெல்லாம் ஒரே இனம்தானே, எந்த ஆணையும் எந்தப் பெண்ணோடும் விடலாம் என்ற நினைப்புத்தான் முதல் தவறு. கடலும் மலையும் பிரித்து வைத்ததால், ஓர் இனத்துக்குள்ளேயே தனித்தனி மரபுக்கிளைகள் உருவாகின்றன. பர்மிய மலைப்பாம்பை 2009 வரை நம் வெங்கிணாந்தியின் துணையினமாகவே பலர் கருதினார்கள்; இப்போது அது தனி இனம். புளோரிடாவில் காட்டுக்குள் பெருகிய மலைப்பாம்புகளை ஆராய்ந்து 2018இல் வெளிவந்த முடிவு இது: ஏறத்தாழ 400இல் 13 பாம்புகளிடம் வெங்கிணாந்தி இனத்தின் தாய்வழி மரபணு இருந்தது. நிறத்தையும் புள்ளியையும் மட்டும் பார்த்து வம்சம் சொல்லக்கூடாது என்பது இதனால்தான். தாய்வழி மரபணுவும் பாதிக் கதைதான், தகப்பன் யாரென்று அது சொல்லாது.

அடுத்தது, பாம்பைப் பிடித்த இடத்தை எழுதி வைக்காதது. விதைநெல் சாக்கில் இனத்தை எழுதாமல் அடுக்கும் விவசாயி உண்டா? "மட்டக்களப்பு" என்று மட்டும் எழுதினால் போதாது. வாகரையா, வவுணதீவா, எந்த வயலோரம், எந்தத் திகதி என்பதும் வேண்டும். உரித்த சட்டையைக் காயவிட்டுக் கடுதாசிப் பையில் வையுங்கள். பொலித்தீனில் ஈரம் தங்கி மரபணு பழுதாகிவிடும். காட்டிலிருந்து வந்த பெண் முட்டையிட்டால், கூட்டிலிருக்கும் ஆண்தான் தகப்பன் என்றும் எழுதிவிடாதீர்கள். பெண் பாம்புகள் ஆணின் விந்தணுவை மாதக்கணக்கில் உடலில் சேமிக்கும்.

நஞ்செடுக்க வளர்க்கும் பாம்பென்றால் இந்தப் பதிவு உயிர்ப்பிரச்சினை. கண்ணாடி விரியனின் நஞ்சு இடத்துக்கு இடம் மாறும். நம் ஆஸ்பத்திரிகளில் ஏற்றும் நஞ்சுமுறி மருந்து, இந்தியப் பாம்புகளின் நஞ்சைக் கொண்டு அங்கே தயாராவது. அம்பாறை வயலில் கடிபட்டு, இமை தொங்கிக் கண் திறக்க முடியாமல் வரும் மனிதருக்கு அந்த மருந்து எவ்வளவு பொருந்துகிறது என்பதைச் சோதிக்க, எந்த ஊர் விரியனின் நஞ்சு என்று தெரிந்த மாதிரிதான் தேவை. கலந்த நஞ்சு அதற்கு உதவாது.

சரி, கலப்பே வேண்டாமென்று ஒரே தாய்ப் பிள்ளைகளைச் சோடி சேர்ப்பதும் தவறு. தென் சுவீடனில் தனித்துப்போன ஒரு விரியன் கூட்டத்தில், உறவுக்குள்ளேயே கூடியதால் குட்டிகள் செத்தும் ஊனமாயும் பிறந்தன. 1992இல் வேறிடத்திலிருந்து அதே இனத்து ஆண்கள் 20ஐக் கொண்டுவந்து விட்ட பிறகு கூட்டம் தேறியது. எங்கிருந்து எடுத்தோம் என்று தெரிந்து செய்த கலப்பு அது.

கோழிக்கூட்டில் பிடித்த வெங்கிணாந்தியைத் தூரத்துக் காட்டில் விடுவது நல்லெண்ணம்தான், ஆனால் வேறிடத்து மரபோடு நோயும் ஒட்டுண்ணியும் சேர்ந்து போகும். வெங்கிணாந்தி சட்டப் பாதுகாப்புள்ள பாம்பு. வனஜீவராசிகள் திணைக்களத்துக்கு அறிவியுங்கள். பிடிபட்ட இடத்தையும் மறக்காமல் சொல்லுங்கள்.