லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரியில் நம் பிள்ளைக்கு இடம் கிடைக்குமா?

அமெரிக்காவுக்கு வந்து ஒன்றிரண்டு வருடமே ஆன வீடுகளில், பிள்ளை பதினோராம் வகுப்புக்குப் போனதும் ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் புதிதாக ஒரு பெயர் காதில் விழும். வில்லியம்ஸ், ஸ்வார்த்மோர், போமோனா, கார்ல்டன் என்று ஏதோ ஒன்று. "சயின்ஸ் படிக்கணும்னு சொன்னியே, இப்போ எதுக்கு ஆர்ட்ஸ் காலேஜ்?" என்று என் மகளிடம் நானும் கேட்டேன். ஊரில் ஆர்ட்ஸ் காலேஜ் என்றால் நமக்கு நினைவு வருவது வேறு. இங்கே அந்தப் பெயரில் இருப்பவை முக்கியமாக இளநிலைப் படிப்புக்கென்று நடக்கும் சிறிய கல்லூரிகள். பலவற்றில் மொத்தமே இரண்டாயிரம் பேர் சுமாருக்குத்தான் படிப்பார்கள். இயற்பியல், கணிதம், கம்ப்யூட்டர் சயின்ஸ் எல்லாம் உண்டு. ஸ்வார்த்மோரிலும் பெண்கள் கல்லூரியான ஸ்மித்திலும் இன்ஜினியரிங் பட்டமே வாங்கலாம்.

பெயர் தெரியாத கல்லூரி என்று தயங்குகிறவர்களுக்கு ஒன்று சொல்லத் தோன்றுகிறது. 1862இல் வெளிவந்த வின்ஸ்லோ தமிழ் அகராதியைத் தொகுத்த மைரன் வின்ஸ்லோ, வெர்மான்ட்டில் உள்ள மிடில்பரி கல்லூரியில் படித்தவர். யாழ்ப்பாணத்தில் வட்டுக்கோட்டைக் குருமடத்தையும், பிறகு மதுரையில் அமெரிக்கன் கல்லூரியையும் தொடங்கிய அமெரிக்க மிஷனுக்கு வித்திட்டவர்கள், 1806இல் வில்லியம்ஸ் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த சில மாணவர்கள். நமக்கும் இந்தக் கல்லூரிகளுக்கும் இருநூறு வருடப் பழக்கம் இருக்கிறது.

சரி, இடம் கிடைக்குமா? வில்லியம்ஸ், ஆம்ஹர்ஸ்ட், ஸ்வார்த்மோர், போமோனா ஆகியவற்றில் விண்ணப்பிக்கும் நூறு பேரில் பத்துப் பேருக்குக்கூட இடம் கிடைப்பதில்லை. வில்லியம்ஸில் ஒரு வருடத்துக்குச் சேர்பவர்கள் ஏறக்குறைய 550 பேர்தான். மக்காலெஸ்டர், மவுண்ட் ஹோலியோக் போன்ற இடங்களில் இதைவிட நன்றாகவே வாய்ப்பு உண்டு, படிப்பிலும் குறை சொல்ல முடியாது. ஆனால் இந்தச் சதவீதத்தை அப்படியே உங்கள் பிள்ளையின் சான்ஸ் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். கட்டணம் வாங்கும் ஆலோசகர் ஒருவர் என் மகளின் மதிப்பெண்ணை மட்டும் பார்த்துவிட்டு "எழுபது சதவீதம்" என்று எங்களிடம் சொன்னார். அந்த எண்ணுக்கு எந்த அடிப்படையும் இல்லை என்று புரிந்துகொள்ள எங்களுக்கு ஆறு மாதம் ஆனது.

முதலில் பார்க்க வேண்டியது விசா. நம்மவர்கள் பெரும்பாலும் கடைசியில் பார்ப்பதும் இதைத்தான். பிள்ளை எச்-4 விசாவில் (எச்-1பி வேலை விசாவில் இருப்பவரின் குடும்பத்தினருக்கானது) இருந்தால், இங்கேயே உயர்நிலைப் பள்ளியில் படித்திருந்தாலும், பெரும்பாலான கல்லூரிகள் உதவித்தொகை விஷயத்தில் அவரை வெளிநாட்டு மாணவராகவே கணக்கில் வைக்கும். அரசு உதவிக்கான ஃபாஃப்சா படிவம் குடிமக்களுக்கும் கிரீன் கார்டு உள்ளவர்களுக்கும் வேறு சில பிரிவினருக்கும்தான். எச்-4 அதில் வராது. கல்லூரி தன் சொந்தப் பணத்திலிருந்து தரும் உதவிக்கு சிஎஸ்எஸ் புரொஃபைல் என்ற படிவத்தைக் கேட்கும். அதை நம் பிள்ளைகளும் நிரப்பலாம்.

இங்கேதான் சான்ஸ் மாறுகிறது. அமெரிக்கக் குடிமக்களைத் தேர்ந்தெடுக்கும்போது குடும்பத்தின் பண வசதியைப் பார்க்காத கல்லூரிகள்கூட, வெளிநாட்டு மாணவர் உதவி கேட்டால் அதையும் சேர்த்தே முடிவெடுக்கும். ஸ்வார்த்மோரும் போமோனாவும் அப்படித்தான். ஆம்ஹர்ஸ்ட், போடின் என்று விரல்விட்டு எண்ணக்கூடிய சில கல்லூரிகள்தான் வெளிநாட்டு மாணவரிடமும் அதைப் பார்ப்பதில்லை. "உதவி கேட்டால் இடம் கிடைக்காது, சேர்ந்த பிறகு கேட்டுக்கொள்ளலாம்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சேரும்போது கேட்காத வெளிநாட்டு மாணவர் பின்னால் கேட்க முடியாது என்பது பல கல்லூரிகளில் விதி. ஆண்டுச் செலவு 85,000 டாலரைத் தாண்டும் இடத்தில் அந்தச் சூதாட்டம் வேண்டாம். இருபத்தொரு வயதானால் எச்-4 முடிந்துவிடும், மாணவர் விசாவான எஃப்-1க்கு மாற வேண்டியிருக்கும் என்பதையும் மனதில் வையுங்கள். கல்லூரியின் இணையதளத்தில் உள்ள கட்டணக் கணிப்பானில் உங்கள் வருமானத்தைப் போட்டுப் பாருங்கள். பெரும்பாலும் அது அமெரிக்க மாணவர்களை மனதில் வைத்துச் செய்தது, அதனால் அந்தத் தொகையை உறுதி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். எச்-4 பிள்ளையை எந்தப் பிரிவில் வைப்பீர்கள் என்று அட்மிஷன் அலுவலகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பி, பதிலை எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

அடுத்து, காமன் டேட்டா செட். கல்லூரியின் பெயரோடு இதையும் சேர்த்துக் கூகுளில் தேடினால் பிடிஎஃப் கிடைக்கும். ஒவ்வொரு ஆண்டும் கல்லூரிகளே நிரப்பி வெளியிடும் புள்ளிவிவரப் படிவம் இது. அதில் 'சி' பகுதி மட்டும் போதும். சி7 என்ற அட்டவணையில் பாடங்களின் கடினம், மதிப்பெண், கட்டுரை, பரிந்துரைக் கடிதம், கல்லூரி மீது மாணவர் காட்டும் ஆர்வம் என ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு முக்கியத்துவம் என்று குறித்திருப்பார்கள். ஆர்வத்தைப் பார்ப்போம் என்று குறித்திருக்கும் கல்லூரி என்றால், அவர்களுடைய இணையவழிக் கூட்டங்களில் பெயர் பதிந்து கலந்துகொள்வது வீண் போகாது. பார்ப்பதில்லை என்று குறித்திருந்தால் அந்த நேரத்தைக் கட்டுரைக்குக் கொடுக்கலாம்.

சி9இல் எஸ்ஏடி என்ற நுழைவுத் தேர்வின் மதிப்பெண்கள் இருக்கும். அவை மதிப்பெண் அனுப்பியவர்களுடையவை மட்டுமே. 1969இலேயே போடின் கல்லூரி எஸ்ஏடியைக் கட்டாயமில்லை என்று ஆக்கியது. இன்று பல கல்லூரிகள் அப்படித்தான். குறைவாக வாங்கியவர்கள் அனுப்பாமல் விட்டுவிடுவதால் அந்த எண்கள் உண்மையைவிட உயரமாகத் தெரியும்.

சி21இல் எர்லி டிசிஷன் கணக்கு வரும். பெரும்பாலும் நவம்பரில், இப்படி ஒரே ஒரு கல்லூரிக்கு மட்டும் விண்ணப்பித்து, கிடைத்தால் அங்கேதான் சேருவேன் என்று கையெழுத்துப் போடும் முறை இது. உதாரணத்துக்கு ஒரு கணக்கு: எர்லியில் 1,000 பேர் விண்ணப்பித்து 250 பேருக்கு இடம் கிடைக்கிறது, ஜனவரியில் 9,000 பேர் விண்ணப்பித்து 550 பேருக்குக் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நான்கில் ஒருவருக்கு ஒரு பக்கம், நூற்றுக்கு ஆறு பேருக்கு மறுபக்கம். பார்த்ததும் எர்லியில் போட்டுவிடலாம் என்று கை துறுதுறுக்கும். ஆனால் அந்த 250 பேரில் பயிற்சியாளர்கள் முன்கூட்டியே தேர்ந்தெடுத்த விளையாட்டு வீரர்களும் இருக்கிறார்கள். இந்தக் கல்லூரிகள் பலவும் கல்லூரி விளையாட்டுப் போட்டிகளில், விளையாட்டுக்கென்று உதவித்தொகை தராத மூன்றாம் பிரிவில் ஆடுபவை, ஆனாலும் அணிகளை நிரப்பியாக வேண்டுமே. அவர்களைக் கழித்தால் மிச்சமுள்ளவர்களின் வாய்ப்பு குறையும். எர்லியில் சாதகம் இருப்பது உண்மை, படிவத்தில் தெரியும் அளவுக்கு இல்லை. போதிய உதவித்தொகை கிடைக்காவிட்டால் விலகிக்கொள்ள வழி உண்டு. உதவித்தொகையை ஒப்பிட்டுப் பார்த்துத்தான் சேர முடியும் என்ற குடும்பம் என்றால் எர்லி வேண்டாம் என்பது என் கருத்து.

எங்களுக்குக் கண் திறந்தது பள்ளி கவுன்சிலரின் அறையில். அவர் கணினியில் நாவியன்ஸ் என்ற மென்பொருளைத் திறந்து, அந்தப் பள்ளியிலிருந்து ஒரு கல்லூரிக்கு முன்பு விண்ணப்பித்தவர்களைப் புள்ளிகளாகக் காட்டினார். குறுக்கே எஸ்ஏடி, மேலே பள்ளி மதிப்பெண் சராசரியான ஜிபிஏ. ஓரத்தில், எல்லோரையும்விட அதிக மதிப்பெண்ணில், இரண்டு சிவப்புப் பெருக்கல் குறிகள். கிடைக்கவில்லை என்று அர்த்தம். அவற்றுக்குக் கீழே, நடுவில் ஒரே ஒரு பச்சைப் புள்ளி. "அவள் பாய்மரப் படகு ஓட்டுவாளா, கவிதை எழுதுவாளா என்பதை இந்தப் படம் சொல்லாது" என்றார் கவுன்சிலர். அந்த வரைபடத்தைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். நாவியன்ஸ் இல்லாவிட்டால் ஸ்காயர் போல வேறொன்று இருக்கும். புள்ளிகள் நாலைந்துதான் என்றால் அதை வைத்து எதையும் முடிவு செய்ய வேண்டாம். நாற்பது ஐம்பது இருந்தால் உங்கள் பிள்ளை எந்தப் பக்கம் நிற்கிறார் என்று தெரியும்.

புதிதாக வந்த பிள்ளைக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. கவுன்சிலருக்கும் ஆசிரியர்களுக்கும் அவரைத் தெரியாது. கடிதம் எழுதப் போவது அவர்கள்தான். அதனால் பதினோராம் வகுப்பில் இரண்டு ஆசிரியர்களிடமாவது, வகுப்பு முடிந்த பிறகும் போய்ப் பேசிப் பழகச் சொல்லுங்கள். நம் பிள்ளைகள் மரியாதை என்று நினைத்து ஒதுங்கி நிற்பார்கள், இங்கே அது ஆர்வமில்லை என்று படும்.

பல கல்லூரிகளுக்கும் பொதுவான இணைய விண்ணப்பமான காமன் ஆப்பில் பாடத்துக்கு வெளியே செய்தவற்றைச் சொல்லப் பத்து இடம் இருக்கிறது. குடும்பப் பொறுப்பு என்றே அதில் ஒரு வகை உண்டு. தம்பியைப் பள்ளியிலிருந்து கூட்டிவருவது, பாட்டியோடு மருத்துவரிடம் போய் மொழிபெயர்ப்பது, தமிழ்ப் பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்கு 'அ ஆ' சொல்லிக்கொடுப்பது எல்லாம் எழுதத் தக்கவை. இதையெல்லாம் எழுதுவார்களா என்று என் மகள் தயங்கினாள். பாட்டியைப் பற்றி அவள் எழுதிய வரியைத்தான் கவுன்சிலர் நிறுத்தி, திரும்பப் படித்தார்.

விண்ணப்பிக்கும் பட்டியலில் பத்தில் ஒருவருக்கு இடம் தரும் கல்லூரி மூன்றுக்கு மேல் வேண்டாம். மீதி, மூன்றில் ஒருவருக்காவது கிடைக்கும் இடங்களாகவும், பிள்ளை சந்தோஷமாகப் படிக்கக்கூடிய இடங்களாகவும் இருக்கட்டும். கார்ல்டன், கிரின்னெல், ஸ்மித் போன்றவை விண்ணப்பக் கட்டணமே வாங்குவதில்லை என்பதால், அவற்றைச் சேர்ப்பதால் கைப்பணம் குறையாது.

அப்புறம், இன்னும் ஊரிலிருந்து கிளம்பாதவர்களுக்கு. ஒன்பதாம் வகுப்பு முதலான மதிப்பெண் பட்டியல்களைப் பள்ளி முத்திரையோடு, மூடிய உறையில், இரண்டு மூன்று பிரதிகள் வாங்கிக்கொண்டு வாருங்கள். 92 சதவீதம் என்றால் 92 என்றே இருக்கட்டும், நீங்களாக அமெரிக்க ஜிபிஏ அளவான 4.0க்கு மாற்றி எழுத வேண்டாம். பழைய பள்ளியின் மின்னஞ்சல் முகவரியையும், பொறுப்பில் இருப்பவரின் பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள். அக்டோபரில் இங்கிருந்து கேட்கும்போது அங்கே காலாண்டு விடுமுறையாகவோ பூஜை விடுமுறையாகவோ இருக்கும்.