ஜெர்மன் ரீஸ்லிங் வாங்கும்போது செய்யக்கூடாத தவறுகள்

ரீஸ்லிங் என்பது ஒரு வெள்ளைத் திராட்சை, அதிலிருந்து செய்யும் ஒயினுக்கும் அதே பெயர்தான். "ரீஸ்லிங்கா? அது இனிப்பு ஒயின் ஆச்சே" என்று பாட்டிலைத் திரும்ப வைத்துவிடுகிறவர்கள் நிறைய. முதல் தவறு இதுதான். 1970, 80களில் ஜெர்மனியிலிருந்து வெளிநாடுகளுக்குக் குவிந்த மலிவான லீப்ஃப்ராவ்மில்ஷ் ஒயின் வாங்கிக்கொடுத்த கெட்ட பெயர் அது. அதில் பெரும்பாலும் இருந்ததோ முல்லர்-துர்காவ் என்ற வேறொரு திராட்சை. பாவம், பழி மட்டும் ரீஸ்லிங் தலையில்.

அடுத்தது லேபிள். கபினெட், ஷ்பேட்லேஸ, அவுஸ்லேஸ என்ற வரிசையைப் பார்த்ததும் இனிப்பு ஏறிக்கொண்டே போகிறது என்று நினைத்துவிடுகிறோம். உண்மையில் பறிக்கும்போது பழம் எவ்வளவு பழுத்திருந்தது என்பதைத்தான் அந்தச் சொற்கள் சொல்கின்றன. ஷ்பேட்லேஸ என்றால் 'தாமத அறுவடை', அவ்வளவுதான். பழத்திலிருந்த சர்க்கரை முழுக்க நொதித்து ஆல்கஹாலாக மாறிவிட்டால் பாட்டிலில் இனிப்பு எங்கிருந்து வரும்? இது தெரியாமல் ஒரு பிறந்தநாளுக்குக் கேக்கோடு குடிக்கலாம் என்று ஒரு ஷ்பேட்லேஸ வாங்கிப் போனேன். கேக்கைக் கடித்துவிட்டு ஒரு வாய் குடித்தால் சர்க்கரை போட மறந்த எலுமிச்சை ஜூஸ் மாதிரி பல் கூசியது. அப்புறம்தான் லேபிளை ஒழுங்காகப் படித்தேன். ஓரத்தில் சின்ன எழுத்தில் 'ட்ரொக்கன்' (trocken), அதாவது இனிப்பில்லாதது.

அந்தச் சொல்லும் எல்லா லேபிளிலும் இருக்காது. அதனால் நான் இப்போது முதலில் பார்ப்பது ஆல்கஹால் சதவீதத்தைத்தான். 7.5 முதல் 9 வரை என்றால் நொதிப்பைப் பாதியில் நிறுத்தியிருக்கிறார்கள், இனிப்பு மிச்சம் இருக்கும். 12-க்கு மேல் போனால் அநேகமாக இனிப்பில்லாதது. 10, 11 என்று நடுவில் இருந்தால் கடைக்காரரைக் கேட்டுவிடுவது நல்லது.

ஊர்ப் பெயரை நம்பி ஏமாறுவதும் உண்டு. மோசல் ஆற்றங்கரையில் பீஸ்போர்ட் என்ற ஊர் இருக்கிறது. 'பீஸ்போர்ட்டர் கோல்ட்ட்ரொப்ஃப்ஷன்' என்றால் அங்கே சிலேட்டுக் கற்கள் நிறைந்த சரிவில் இருக்கும் பேர்பெற்ற ஒரு தோட்டம். 'பீஸ்போர்ட்டர் மிஷெல்ஸ்பெர்க்' என்றால் சுற்றுவட்டாரத்தில் பல ஊர்த் தோட்டங்களுக்கும் சேர்த்து 1971 சட்டப்படி வந்த பொதுப்பெயர். கேட்க இரண்டும் ஒரே மாதிரி, உள்ளே இருப்பது அப்படி இல்லை. லேபிளில் 'ரீஸ்லிங்' என்ற சொல் இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் குறைந்தது 85 சதவீதம் அந்தத் திராட்சையாக இருக்க வேண்டும் என்பது விதி.

சரி, வாங்கியாயிற்று. திறந்ததும் பெட்ரோல் வாடை அடிக்கிறது என்று சிங்கில் ஊற்றிவிடாதீர்கள்! வயதான ரீஸ்லிங்குக்கு அந்த வாசம் இயல்பு, டிடிஎன் என்ற சேர்மத்தால் வருவது. வெயில் அதிகம் பட்ட பழமென்றால் சீக்கிரமே வந்துவிடும். பிடிக்காமல் போகலாம், அது வேறு விஷயம், ஆனால் கெட்டுப்போனதற்கு அடையாளம் அது இல்லை. அடியில் கண்ணாடித் தூள் மாதிரி மின்னும் படிகங்களும் அப்படித்தான். நம் புளியில் இருக்கிறதே டார்டாரிக் அமிலம், அதன் உப்புதான் குளிரில் படிகமாகித் தங்குகிறது. மெதுவாகச் சாய்த்து ஊற்றினால் அடியிலேயே நின்றுவிடும்.

ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு குடிப்பதை மட்டும் என்னால் பொறுத்துக்கொள்ள முடியாது. ரீஸ்லிங்கின் அழகே வாசம்தான். 4 டிகிரியில் அது வாயையே திறக்காது. கால் மணி நேரம் வெளியே வைத்து, 8 முதல் 10 டிகிரிக்கு வந்தபின் ஊற்றுங்கள்.

காரமான சாப்பாட்டுக்கு 14 சதவீதச் சிவப்பு ஒயினைத் திறந்துவிட்டு நாக்கு எரிகிறது என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். ஆல்கஹால் கூடக் கூட எரிச்சலும் கூடும். அங்கேதான் அந்த 8 சதவீத மோசல் கபினெட் வேண்டும்: இனிப்பு மிளகாயை அடக்கும், புளிப்பு வாயைக் கழுவிவிடும். மீந்தால் மூடி ஃபிரிட்ஜில் வையுங்கள், மூன்று நான்கு நாள் தாங்கும்.